கடைப் பெயர் மாறுகிறது, டொமைனும் மாறுகிறது: கூகுளில் பிடித்த இடம் போய்விடுமா?

ஜூன் 2, ஒரு வாசகியின் கேள்வி

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் எங்கள் குடும்பத்துக்குக் கல்யாணப் பத்திரிகைக் கடை. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்தினார்கள். இப்போது பாகம் பிரிகிறது. கடையும் கடைப் பெயரும் பெரியப்பாவுக்கு. புரசைவாக்கம் கிளை எங்களுக்கு, வேறு பெயரில். வெப்சைட்டைப் பல வருடமாக நான்தான் எழுதி வளர்த்தேன். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதணி விழா, அறுபதாம் கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் அழைப்பிதழ் வாசகங்கள். அதைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் நிறைய பேர். டொமைனை மாற்றினால் எல்லாம் பூஜ்யத்திலிருந்துதான் என்கிறார் எங்கள் டெவலப்பர். நிஜமா அண்ணா?

ஜூன் 2, இரவு, என் பதில்

இல்லை. டொமைன் மாறியதாலேயே இடம் போவதில்லை, மாற்றுகிற விதத்தில்தான் போகிறது. பழைய முகவரி ஒவ்வொன்றும் தனக்கு நேரான புதிய முகவரிக்கு 301 (‘நிரந்தரமாக இங்கே மாறிவிட்டது’ என்று வருகிறவரைத் திருப்பிவிடும் ரீடைரெக்ட்) கொடுத்தால், அந்தப் பக்கம் சம்பாதித்த மதிப்பையும் வெளியிலிருந்து அதற்கு வந்த லிங்குகளையும் கூகுள் புதிய முகவரியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ரீடைரெக்டில் கொஞ்சம் மதிப்பு கரையும் என்று ஒரு பேச்சு ரொம்ப நாள் ஓடியது. அப்படிக் கரைவதில்லை என்று கூகுளின் கேரி இல்யேஸ் 2016-லேயே சொல்லிவிட்டார். அந்தப் பழைய பேச்சை வைத்து இன்னும் கடைக்காரர்களைப் பயமுறுத்துகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

சென்னையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் வாசலில் ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்று இரண்டும் எழுதியிருக்கும். தபால்காரர் எதை வைத்தும் வந்து சேர்ந்துவிடுவார். 301 செய்கிற வேலை அதுதான். ஆனால் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை இங்கேதான் நடந்தன. ஒவ்வொன்றாக ஜோடி சேர்க்க அலுப்புப்பட்டு, பழைய பக்கங்கள் அத்தனையையும் புதிய முகப்புப் பக்கத்துக்கே தள்ளிவிடுகிறார்கள். வளைகாப்பு வாசகம் தேடி வந்தவர் முகப்பில் வந்து நின்று என்ன செய்வார்? கூகுளும் அதைச் ‘சாஃப்ட் 404’ என்று எடுத்துக்கொள்ளும். அதாவது அந்தப் பக்கமே இல்லை என்று கணக்கு. அப்புறம் இடம் எப்படி நிற்கும்?

ஜூன் 3, காலை

எழுதி முடித்துப் படுத்த பிறகுதான் உறைத்தது. உங்கள் கேள்வியில் பெரிய சிக்கல் தொழில்நுட்பமே இல்லை. கடைப் பெயர் பெரியப்பாவுக்கு என்றால் பழைய டொமைனும் அவருக்குத்தானே போகும்? ரீடைரெக்ட் பழைய டொமைனில்தான் உட்கார வேண்டும். அது அவர் கையில். அவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூடப் போட முடியாது.

எனவே முதல் வேலை: டொமைன் இன்று யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அப்பா பெயரிலா, பெரியப்பா பெயரிலா, டெவலப்பர் பெயரிலா? ஓடிபி யார் போனுக்கு வருகிறது? பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் நான் வேலை செய்த கடைகளில், டொமைன் டெவலப்பர் பெயரில் இருப்பது சர்வ சாதாரணம். கடைக்காரர் வருடா வருடம் பணம் மட்டும் கட்டிக்கொண்டிருப்பார். டாட் காம் டொமைனில் உரிமையாளர் பெயரைத் திருத்தினால், அதற்குப் பிறகு 60 நாள் வேறு பதிவாளரிடம் (டொமைன் விற்கும் நிறுவனத்திடம்) கொண்டுபோக முடியாமல் பூட்டு விழலாம். அதனால் இதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் வக்கீலிடம் வெப்சைட்டைப் பற்றிப் பேசுங்கள். கல்லா, சரக்கு, மெஷின், முன்பணம் எல்லாம் எழுதுவார்கள், டொமைன் மட்டும் விட்டுப்போகும். பழைய டொமைன் யாருக்கு, நீங்கள் எழுதிய வாசகப் பக்கங்கள் யாருக்கு, அந்தப் பக்கங்களின் பழைய முகவரிகளிலிருந்து உங்கள் புதிய சைட்டுக்கு ரீடைரெக்ட் எத்தனை வருடம் இருக்கும், டொமைன் புதுப்பிக்கும் செலவு யாருடையது, டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று குறித்து வைக்கும் டிஎன்எஸ் கணக்கின் பாஸ்வேர்ட் யாரிடம். இத்தனையும் எழுத்தில் வந்துவிட்டால் நாளைக்கு மனத்தாங்கல் வந்தாலும் பக்கங்கள் தப்பும்.

ஜூன் 3, மதியம்

ஒரு விஷயம் விட்டுப்போனது. சைட் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் கூகுளே காட்டும் கருவி சர்ச் கன்சோல். அதில் ‘முகவரி மாற்றம்’ என்று ஒரு வசதி உண்டு. அதை அழுத்தினால் போதும் என்று பல பேர் நினைக்கிறார்கள். அது முழு சைட்டும் இடம் மாறும்போது கூகுளுக்குக் கொடுக்கும் அறிவிப்பு. அழுத்துவதற்கு முன் பழைய முகப்புப் பக்கம் புதிய முகப்புக்கு 301 கொடுக்கிறதா என்று அதுவே சோதித்துப் பார்க்கும். உங்கள் விஷயத்தில் முகப்பு பெரியப்பாவிடமே இருக்கும். ஆகவே அந்த வசதி உங்களுக்குப் பயன்படாது. பக்கத்துக்குப் பக்கம் 301 மட்டும்தான். அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, கூகுளுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

ஜூன் 5

‘பெரியப்பா சைட்டிலும் அந்தப் பக்கங்கள் இருக்கட்டும், எங்கள் சைட்டிலும் இருக்கட்டும், சண்டையே வேண்டாமே’ என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் ஒரே வாசகம் இரண்டு டொமைனில் இருந்தால் கூகுள் ஒன்றைத்தான் எடுத்துக் காட்டும். பெரும்பாலும் வயதில் மூத்த முகவரியை. உங்களுடையது நிழலிலேயே கிடக்கும்.

பெரியப்பா ரீடைரெக்டுக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால் ஒரு நடுவழி இருக்கிறது. பக்கம் அவர் சைட்டிலேயே தெரியட்டும், அதன் தலைப்பகுதியில் ‘இதன் மூலம் இந்த முகவரி’ என்று உங்கள் புதிய பக்கத்தைக் காட்டும் கேனானிக்கல் வரியைப் போடச் சொல்லுங்கள். வேறு டொமைனைக் காட்டும் கேனானிக்கலைக் கூகுள் 2009 டிசம்பரிலிருந்தே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அது யோசனையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், கட்டளையாக இல்லை. கூகுள் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். 301 கிடைக்க வாய்ப்பு இருக்கும்போது இதற்குப் போகாதீர்கள்.

ஜூன் 8

பெரியப்பாவிடம் பேச்சு நடக்கட்டும். அதற்குள் பட்டியல் வேலையை ஆரம்பியுங்கள். இதில்தான் நேரம் போகும், போகவும் வேண்டும்.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட். முதல் பத்தியில் பழைய முகவரி, அடுத்ததில் புதிய முகவரி, மூன்றாவதில் அந்தப் பக்கம் எதற்காக வாசகர்களைக் கொண்டுவருகிறது. பழைய முகவரிகளை ஒரே இடத்திலிருந்து எடுக்காதீர்கள். சைட்மேப்பில், அதாவது கூகுளுக்காகச் சைட் வைத்திருக்கும் பக்கப் பட்டியலில், இருப்பது இப்போது உயிரோடு இருக்கும் பக்கங்கள் மட்டும். சர்ச் கன்சோலில் இருந்து இறக்கினால் 1000 வரிதான் வரும், 16 மாதத்துக்கு முந்திய கணக்கும் அங்கே கிடையாது. யாரோ எப்போதோ ஃபேஸ்புக்கிலோ வலைப்பூவிலோ போட்டு வைத்த பழைய லிங்குகள், வந்தவர்கள் கேட்ட ஒவ்வொரு முகவரியையும் குறித்து வைக்கும் சர்வர் பதிவேட்டில்தான் அகப்படும். மூன்றையும் கொட்டி, இரட்டிப்பை நீக்குங்கள். அந்த 16 மாதக் கணக்கை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘முன்னே எப்படி இருந்தது’ என்று ஒப்பிட வேறு வழி இல்லை.

ஆங்கில சைட்டுக்கு இல்லாத ஒரு தொந்தரவு இங்கே வரும். உங்கள் சைட் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடுவதுதானே? அதில் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 இடம்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். தமிழில் எழுத்தும் அதன் கொம்பும் புள்ளியும் ஒவ்வொன்றும் முகவரிக்குள் சதவீதக் குறிகளாக (%E0%AE மாதிரி) மாறி 9 இடம் பிடிக்கும். கணக்குப் போட்டால் 22 குறிக்கு மேல் நுழையாது. ‘வளைகாப்பு அழைப்பிதழ் வாசகங்கள்’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘வளைகாப்பு-அழைப்பிதழ்-வாச’ என்று அறுந்து நிற்கும். ‘மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ்’ என்றால் ‘மஞ்சள்-நீராட்டு-விழா-அழை’. அதே தொடக்கத்தோடு நீங்கள் எழுதிய அடுத்த பக்கமும் அங்கேயே அறுபடும், வேர்ட்பிரஸ் அதற்கு வால் பக்கம் 2 போடும், அடுத்ததற்கு 3.

அதனால் தலைப்பைப் பார்த்து முகவரியை ஊகித்துப் பட்டியல் போட்டால் பாதி வரி பொருந்தாது. அறுந்த முகவரி அறுந்தபடியேதான் கூகுளில் பதிவாகியிருக்கிறது. அதை அப்படியே எடுங்கள். புதிய சைட்டில் ‘அழகாக முழுசாக’ ஆக்கிவிடலாம் என்று கை வைக்காதீர்கள். டொமைனுக்குப் பிறகு வருகிற பகுதி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ரீடைரெக்ட் ஒரே விதியில் முடியும். சோதிப்பதும் சுலபம்.

ஜூன் 9

நேற்றையதோடு ஒட்டியது. பட்டியலில் முகவரிகள் சதவீதக் குறிகளாக இருக்கும். அதை அப்படியே அப்பாச்சி சர்வரில் ரீடைரெக்ட் விதிகளை எழுதும் ஹெச்டிஆக்சஸ் கோப்பில் ஒட்டினால் வேலை செய்யாது. அப்பாச்சி முகவரியைத் தமிழ் எழுத்தாக அவிழ்த்த பிறகுதான் விதியோடு ஒப்பிடும். விதியின் இடது பக்கத்தைத் தமிழிலேயே எழுதி, கோப்பைத் தமிழ் எழுத்து கெடாத யூடிஎஃப்-8 வடிவத்தில் சேமியுங்கள். உங்கள் டெவலப்பருக்கு இது தெரிந்திருக்கலாம், ஆனாலும் சொல்லிவிடுங்கள். முதலில் 302, அதாவது தற்காலிக ரீடைரெக்ட், போட்டுச் சோதித்து, சரி என்றான பிறகே 301 ஆக்கச் சொல்லுங்கள். 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். தப்பான இடத்துக்கு ஒரு முறை போய்விட்டால், திருத்திய பிறகும் அந்தப் போனில் தப்பாகவே போய்க்கொண்டிருக்கும்.

ஜூன் 14

இன்று வேறொருவர் கேட்டது: ‘எல்லாம் சரியாகப் போட்டும் சில பக்கங்கள் மட்டும் 404 காட்டுகின்றன. கண்ணுக்கு முகவரி ஒன்றாகவே தெரிகிறது.’

இது எனக்கு நன்றாகத் தெரிந்த பேய். முன்பு மயிலாப்பூரில் ஒரு சீர்வரிசைக் கடையின் சைட்டை மாற்றிய இரவு, சர்வர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்தடுத்து இரண்டு வரி. இரண்டிலும் ‘தொட்டில்’. மேல் வரிக்கு 301, கீழ் வரிக்கு 404. அவிழ்த்துப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். சதவீதக் குறி வடிவத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கீழ் வரி நீளமாக இருப்பது தெரிந்தது.

காரணம் இது. ‘தொ’ என்பதில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வேற்றுமை தெரியாது. சர்வருக்கு இரண்டும் வேறு வேறு முகவரி. இரண்டு குறி வடிவம் எங்கிருந்து வருகிறது என்றால், பழைய பாமினி மாதிரி ஃபாண்டிலிருந்து மாற்றிய எழுத்து ஒன்று, பழைய மேக் கம்ப்யூட்டரில் தமிழில் பெயர் வைத்த கோப்பு இன்னொன்று. பத்திரிகை டிசைன் செய்கிற இடத்தில் மேக் இல்லாமல் இருக்குமா? படக் கோப்புகளில் இது நிறைய வரும். ஓகாரம், ஔகாரக் குறிகளிலும் இதே கதை.

தீர்வு: பட்டியலை முழுக்க, இரண்டு குறியை ஒரே குறியாக்கும் ‘என்எஃப்சி’ என்ற சீர்வடிவத்துக்கு மாற்றி ஒரு படி, மாற்றாமல் ஒரு படி, இரண்டிலும் வேறுபடும் வரிகளுக்கு இரண்டு விதியும் போடுங்கள்.

‘ஸ்ரீ’ தனி. அழைப்பிதழ் சைட்டில் அது இல்லாத பக்கமே இருக்காது. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ ஒன்று. பல ஃபாண்டுகளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சீர்வடிவம் இவற்றை இணைக்காது. இவற்றைக் கையால்தான் தேடிச் சேர்க்க வேண்டும்.

ஜூன் 15

‘அப்படியானால் முகவரியையே ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டால் என்ன?’

இனி எழுதும் பக்கங்களுக்குத் தாராளமாக வையுங்கள், சின்னதாக. வாட்ஸ்அப்பில் பகிரும்போது தமிழ் முகவரி பல நேரம் அரைப்பக்கச் சதவீதக் குறியாக விரிந்துவிடும். அதைப் பார்த்து ஏதோ மோசடி லிங்க் என்று தொடாமல் விடுகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே இடம் பிடித்த பக்கங்களுக்கு மட்டும் வேண்டாம். தமிழ் முகவரியைக் கூகுள் நன்றாகவே படிக்கிறது. டொமைன் மாறுகிற அதே நாளில் முகவரிப் பெயரையும் மாற்றினால், எது சறுக்கியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஜூன் 21

டெவலப்பர் புது டிசைன் காட்டினார், எல்லாப் பக்கத்தையும் சுருக்கிவிடலாம் என்றும் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இப்போது வேண்டாம்.

டொமைன் மாற்றம் என்றால் கூகுள் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பக்கத்தில் வைத்து, ‘அதேதான் இது’ என்று முடிவு செய்ய வேண்டும். உள்ளடக்கம், தலைப்பு, மெனு, உள் லிங்குகள் அப்படியே இருந்தால் அந்த முடிவு சுலபம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அது புதுப் பக்கம் என்றே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து எடை போடும். முதலில் இடம் மாறுங்கள். கணக்கு நிலைத்த பிறகு டிசைனை மாற்றுங்கள். புது வீட்டுக்குப் போகிற உற்சாகம் எனக்கும் புரிகிறது. ஆனால் உங்கள் டெவலப்பர் ‘பயன் இல்லாத நீளம்’ என்று வெட்டச் சொல்லும் பகுதியை நான் படித்துப் பார்த்தேன். தாய்மாமன் பெயர் எங்கே வரும், காலமானவர் பெயருக்கு முன் என்ன போடுவது, இரண்டு வீட்டாரும் சேர்ந்து அழைத்தால் வரிசை எப்படி என்று நீங்கள் பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். தேடி வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். அதை வெட்டினால் 301 காப்பாற்றாது.

சுருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘முகூர்த்த நாட்கள்’ பக்கத்தை ஒவ்வொரு வருடத்துக்கும் வருட எண்ணோடு புது முகவரியில் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தை மாதமும் புதுப் பக்கம் பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டியிருக்கிறது, பழைய பக்கத்துக்கு வந்த லிங்கெல்லாம் பழைய பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. வருட எண் இல்லாத ஒரே முகவரி வைத்து, அதற்குள் வருடா வருடம் நாட்களை மாற்றுங்கள். பழைய வருடப் பக்கங்களை அதற்கு 301 கொடுங்கள். தலைப்பில் வருடம் இருக்கட்டும், முகவரியில் வேண்டாம். இதையும் இடம் மாறி நிலைத்த பிறகு செய்யுங்கள்.

ஜூன் 30

பெரியப்பா ஒப்புக்கொண்டார் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். முகப்பும் கடை விவரமும் அவருக்கு, வாசகப் பக்கங்களும் டிசைன் படங்களும் உங்களுக்கு, பத்திரத்திலும் எழுதியாயிற்று. இதற்கு மேல் சர்வர் வேலைதான்.

எப்போது மாற்றுவது? கூட்டம் குறைவான நேரத்தில் மாற்றுங்கள் என்று கூகுளே சொல்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆகவே ஆடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

ஜூன் 30, இரவு

ஆடியைப் பற்றி இன்னும் யோசித்தேன். கல்யாணம் ஆடியில் இல்லை, ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை ஆடியில்தான் அச்சாகும். பத்திரிகைக் கடைக்கு ஆடியின் பின்பாதி சும்மா இருக்கிற நேரம் இல்லை. வாசகம் தேடுவதும் அப்போதுதான் ஏறும். ஆகவே ஆடி பிறந்த முதல் வாரம், அதிலும் செவ்வாய் புதன் மாதிரி வேலை நாளில், காலையில். ஏதாவது புரண்டால் திருத்த ஆள் கையில் இருக்க வேண்டும். வெள்ளி சாயங்காலம் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ.

மாறிய பிறகு ஏற்ற இறக்கத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், பயந்துபோவீர்கள். போன வருடம் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஆடி 1 வருடா வருடம் ஜூலை நடுவில்தான் வரும். ஆனால் ஆவணி முகூர்த்தங்கள் திதியைப் பொறுத்து முன்னே பின்னே நகரும், அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். வளைகாப்புப் பக்கம் நல்ல அளவுகோல். அதற்குக் கல்யாண சீசன் தடை இல்லை.

ஜூலை 12

நாள் நெருங்குகிறது. டெவலப்பரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியவை, எனக்குத் தோன்றுகிற வரிசையில்.

டிஎன்எஸ்-ல் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும், பழைய விவரத்தை மற்ற சர்வர்கள் எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கும் என்பது அது. பல இடங்களில் 86400, அதாவது ஒரு நாள். இரண்டு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிட்டால் மாற்றம் ஐந்து நிமிடத்தில் பரவும்.

டிஎன்எஸ் பதிவுகள் இருக்கும் நேம்சர்வரை மாற்றுவதாக இருந்தால் பழைய இடத்திலிருக்கும் எல்லாப் பதிவுகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்சைட் பதிவை மட்டும் நகல் எடுத்து, மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவை விட்டுவிட்டால் பெரியப்பா கடைக்கு வரும் மெயில் நின்றுவிடும். வாடிக்கையாளர் ப்ரூஃப் பார்த்துச் சரி சொல்வதே மெயிலில்தான். இடம் மாறிய அன்றே அவர் வியாபாரம் தடைப்பட்டால், கஷ்டப்பட்டு வாங்கிய சம்மதம் என்ன ஆகும்? சர்ச் கன்சோல் உரிமையை உறுதிசெய்ய வைத்த டிஎக்ஸ்டி பதிவும் கூடவே போக வேண்டும். பழைய சைட்டின் கணக்கை இன்னும் பல மாதம் பார்க்கப் போகிறீர்கள்.

புதிய சைட்டைச் சோதனைக்காக ‘நோஇண்டெக்ஸ்’ போட்டு வைத்திருப்பார். வேர்ட்பிரஸில் அது ஒரே ஒரு டிக். திறந்துவிட்ட பிறகும் அந்த டிக் இருந்தால் புதிய பக்கம் ஒன்றும் கூகுளில் ஏறாது. இன்னொரு பக்கம், ‘பழைய பக்கங்கள் இனி வேண்டாமே’ என்று பழைய டொமைனின் ரோபோட்ஸ் கோப்பில் அவற்றைத் தடுத்துவிடாதீர்கள். தடுத்தால் கூகுள் அங்கே போகாது. போகாவிட்டால் 301 இருப்பதே அதற்குத் தெரியாது.

டேட்டாபேஸில் பழைய டொமைன் பெயரை நேரடி எஸ்க்யூஎல் கட்டளையால் மாற்றாதீர்கள். தீம் அமைப்புகளும் விட்ஜெட்டுகளும் எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். புதிய பெயரின் நீளம் வேறு என்றால் எண்ணிக்கை உதைத்து, அந்த அமைப்பே படிக்க முடியாமல் போகும். வேர்ட்பிரஸைக் கட்டளை எழுதி இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கருவியில், தேடி மாற்றும் கட்டளை அந்த எண்ணிக்கையையும் திருத்திக்கொள்ளும்.

உள் லிங்க், கேனானிக்கல், சைட்மேப் எல்லாம் புதிய டொமைனையே காட்ட வேண்டும். கேனானிக்கல் மட்டும் பழையதைக் காட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, அது இன்னொரு பக்கம் இழுக்கும்.

ஒரு ரீடைரெக்டிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை முறை தாவுகிறது என்றும் பாருங்கள். பழைய முகவரி பாதுகாப்பான (https) முகவரிக்கு, அது டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ளதற்கு, அது புதிய டொமைனுக்கு என்று சங்கிலியாகப் போகக் கூடாது. கூகுள் 10 தாவல் வரை பின்தொடரும்தான். ஆனால் மெதுவான நெட்டில் மண்டபத்து வாசலில் நின்று போனைப் பார்க்கிறவர் அத்தனை நேரம் நிற்க மாட்டார். ஒரே தாவல்.

ஜூலை 22

திறந்தாயிற்று என்று தகவல். ‘பழைய டொமைன் பெயரைப் போட்டுத் தேடினால் இன்னும் பழைய பக்கங்களே கூகுளில் வருகின்றன, மாறவே இல்லையா’ என்று பதறாதீர்கள். குறிப்பாகப் பழைய முகவரியைக் கேட்டுத் தேடினால், புதியது தெரிந்த பிறகும் கூகுள் பழையதைக் காட்டும். ‘வளைகாப்பு பத்திரிகை வாசகம்’ என்று வாடிக்கையாளர் தேடுகிற மாதிரி தேடிப் பாருங்கள். சர்ச் கன்சோலில் பழைய சைட்டின் கோடு இறங்க, புதிய சைட்டின் கோடு ஏற வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நடுத்தர அளவு சைட்டுக்குச் சில வாரம் ஆகும். இந்த நாட்களில் எதையும் ‘சரிசெய்ய’ உட்காராதீர்கள். 404 பட்டியலை மட்டும் தினம் பாருங்கள்.

ஜூலை 23

404 பட்டியலில் ‘தொட்டில்’, ‘ஸ்ரீ’ இரண்டும் வந்தனவா? நான் பயந்தபடியே. அந்த வரிகளைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது என்று எழுதியதற்கு நன்றி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

ஆகஸ்ட் 5

பக்கங்கள் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிட்டன, படங்கள் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். அது இயல்பு. படத்தைக் கூகுள் பக்கத்தைப் போல அடிக்கடி வந்து பார்ப்பதில்லை. படத்தின் முகவரி மாறியதைத் தெரிந்துகொள்ளவே அதற்கு நாள் பிடிக்கும். படக் கோப்புகளுக்கும் 301 போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கங்களுக்கு விதி எழுதிவிட்டு படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. டிசைன் பார்த்து ஆர்டர் கொடுக்கிற தொழிலில் படத் தேடலும் வாசகத் தேடல் அளவுக்கு முக்கியம்.

கூகுள் மேப்பில் கடை விவரம், வாட்ஸ்அப் பிசினஸ், இன்ஸ்டாகிராம், விசிட்டிங் கார்டு. புதிய முகவரி எல்லாவற்றிலும் ஏறியதா? உங்கள் லிங்கைப் போட்டிருக்கும் மண்டபங்களுக்கும் கேட்டரிங்காரர்களுக்கும் ஒரு மெசேஜ் போட்டு மாற்றச் சொல்லுங்கள். ரீடைரெக்ட் இருந்தாலும் நேர் லிங்க் நேர் லிங்க்தான்.

ஆகஸ்ட் 24

பெரியப்பா கேட்கிறாராம்: ‘ஒரு வருடம் கழித்து அந்த ரீடைரெக்டை எடுத்துவிடலாம்தானே? கூகுளே ஒரு வருடம் போதும் என்கிறதாமே.’

கூகுள் சொல்வது குறைந்தது ஒரு வருடம், முடிந்தவரை நீண்ட காலம் என்று. அதுவும் கூகுளுக்கான கணக்குதான். நீங்கள் அச்சடித்துக் கொடுத்த பத்திரிகைகளில் மண்டபத்துக்கு வழி காட்டும் க்யூஆர் கோடு இருக்கிறதே, அது எந்த டொமைனைக் காட்டுகிறது? பழையதைத்தானே. அச்சான மையை யாராலும் திருத்த முடியாது. அந்தப் பக்கங்களை இந்தப் பட்டியலில் சேர்த்தீர்களா என்று முதலில் பாருங்கள். கல்யாணம் முடிந்தும் ஆல்பத்தில் பத்திரிகையை வைத்துக்கொண்டு, வருடங்கள் கழித்து அதை ஸ்கேன் செய்து பார்க்கிற குடும்பங்கள் உண்டு.

பெரியப்பாவிடம் இரண்டு விஷயம் நேரில் சொல்லுங்கள். ஒன்று, பழைய டொமைனின் எஸ்எஸ்எல் சான்றிதழ். இலவசமாகக் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் என்றால் 90 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகப் போகிறது என்று அது அனுப்பிக்கொண்டிருந்த எச்சரிக்கை மெயிலை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. சான்றிதழ் போய்விட்டால் ரீடைரெக்ட் நடப்பதற்கு முன்பே ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்ற திரை குறுக்கே வரும். அவர் கடைக்கு வருகிறவர்களுக்கும் அதே திரைதான்.

இரண்டு, டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால். டாட் காம் காலாவதியானதும் கொஞ்ச நாள் அவகாசம், பிறகு 30 நாள் அதிகக் கட்டணம் கட்டி மீட்கும் காலம், அப்புறம் 5 நாளில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். பழைய, நல்ல பெயருள்ள டொமைன்களுக்காகக் காத்திருந்து எடுத்து, சூதாட்ட சைட் போடுகிற கூட்டம் இருக்கிறது. பெரியப்பாவின் கடைப் பெயரில், யாரோ ஒருவர் வீட்டுப் பத்திரிகையில் அச்சான க்யூஆர் கோடு அங்கே போய் நிற்பதை அவர் விரும்ப மாட்டார். உங்களுக்காக என்று கேட்காதீர்கள், அவர் பெயருக்காக என்று சொல்லுங்கள். ரீடைரெக்ட் வரிகளை வைத்திருக்க அவருக்குத் தனிச் செலவு ஒன்றும் இல்லை. டொமைனை ஒரே தடவையில் 10 வருடம் வரை புதுப்பிக்கலாம், அந்தப் பணத்தைப் பாதிப் பாதியாக நீங்களே முன்வந்து கொடுங்கள். ஆட்டோ ரின்யூவலில் யார் கார்டு இருக்கிறது, அது எந்த மாதம் காலாவதி என்பதையும் அவர் பையனிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.